செதுக்கி முடிக்காத இலை

"இஞ்சேரும், கண்ணை மூடும்."

"என்னத்துக்கு?"

"மூடுமன். கலியாண நாளிலயும் ஒரு கேள்வி."

ரதிதேவி கண்ணை மூடினாள். கணவர் றொபேட் அவள் கையில் வைத்த பாரம் பழகிய பாரம்தான். அவள் சேர்த்து வைத்திருக்கும் பழைய ரிவால்வர்களில் ஒன்று. தோட்டா வருவதற்கு முந்திய காலத்தது. வெடிமருந்தையும் குண்டையும் தனித்தனியாக இடித்து நிரப்பும் வகை. குழலிலிருந்து கைப்பிடி வரைக்கும் திராட்சைக் கொடி செதுக்கியிருக்கும். கண்ணைத் திறந்தாள். கைப்பிடியின் பின்தகட்டில், வழுவழுவென்று வெறுமையாக இருந்த இடத்தில், 'ரதிதேவி' என்று அவளுடைய பெயர் புதிதாக மின்னியது.

"ஆர் வெட்டினது?"

"சான்ட்ரிங்ஹாமில, விளையாட்டுப் போட்டிக் கோப்பைக்குப் பேர் வெட்டுற கடை. முழுத் துவக்கையும் தூக்கிக்கொண்டு போக எனக்கென்ன விசரோ? திருகாணியைக் கழட்டி, தகட்டை மட்டும் பொக்கற்றில போட்டுக்கொண்டு போனனான். தமிழெழுத்தைக் கண்டு கடைக்காரன் பயந்திட்டான். பக்கத்தில நிண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

"றொபேட்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் என்று அவருக்குத் தெரியும்.

"என்னப்பா? எங்கட வீட்டில பேர் வெட்டாத செம்பு ஒண்டு இருக்கோ? அண்டாவில உம்மட அம்மான்ர பேர். சருவத்தில என்ர அம்மான்ர பேர். இதில மட்டும் ஏன் இல்லாம?"

"சருவத்தை நான் விக்கப் போறேல்லை. இதை டெஸ்மனிட்டக் குடுத்து வேற ஒண்டு மாத்தி எடுக்க இருந்தனான். இனி இதை ஆர் எடுப்பினம்?"

றொபேட்டின் முகம் விழுந்தது. "மாத்தப் போறதெண்டு எனக்குச் சொல்லேல்லையே."

"சொன்னா, இன்னொண்டோ எண்டு கத்துவியள்."

மறுநாள் எப்சத்தில் டெஸ்மன் வீட்டுக்குப் போனாள். டெஸ்மன் மன்னார்க்காரர், பழைய ஆயுதங்களை வாங்கி விற்பவர். ரதிதேவி எதையும் மறைக்காமல், பெயர் வெட்டிய பக்கத்தையே மேலே வைத்து நீட்டினாள்.

"ஐயோ அக்கா."

"ஐயோவை விடும். இப்ப என்ன பெறும்?"

"பாதியும் வராது. ஆனா வழி இருக்கு. ஈஸ்ட் டாமாக்கியில ஒருத்தன் இருக்கிறான். பேரை அராவி எடுத்துப்போட்டு, மேல நாலு இலை வெட்டி விடுவான். கர்த்தருக்கும் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"மூண்டு பேருக்குத் தெரிஞ்சா போதாதோ? போன வருசம் நீர் தந்த ஒண்டை ஏன் திருப்பித் தந்தனான்?"

டெஸ்மன் தலையைச் சொறிந்தார். "இலையின்ர விளிம்பு மழுங்கிக் கிடக்கு, அராவியிருக்கினம் எண்டு."

"அப்ப எனக்கு ஒரு நியாயம், வாங்கிறவனுக்கு ஒரு நியாயமோ? வேண்டாம். நான் மாத்த இருந்த மற்றதைக் கொண்டுவாரும், பாப்பம்."

அவர் கொண்டுவந்த பெட்டிக்குள் அந்த ரிவால்வர் கிடந்தது. இடது பக்கம் முழுக்க வேலை: கொடி, பூ, கொடிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குருவி. வலது பக்கத்தில் கொடி பாதி வழி வந்து நின்றுவிட்டது. கடைசி இலைக்கு ஓரக்கோடு மட்டும்தான், நரம்பு இல்லை. அதற்கப்பால் வெறும் இரும்பு.

"ஏன் இந்த இடத்தில நிப்பாட்டினான்?" பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் ரதிதேவி கேட்டாள்.

"சாப்பிடப் போயிருப்பான்."

"நூற்றைம்பது வருசமாகவோ?"

"மனிசி நல்லாச் சமைச்சிருப்பா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மற்றத் துவக்குகளில் வேலை தெரியும். இதில் கை தெரிந்தது: உளி எந்த இடத்தில் இறங்கியது, எந்த இடத்தில் திரும்பியது என்பதெல்லாம்.

"அக்கா, ஒண்டு சொல்லோணும். ஹரி பிரசாத்தும் இதைக் கேக்கிறார். ஃபிஜிக்காரர், வீடு கட்டி விக்கிறவர். வாங்கி, மிச்சத்தையும் வெட்டி முடிக்கப் போறாராம். முடிச்சா விலை ஏறுமாம்."

"ஆர் வெட்டுறது?"

"அந்த ஈஸ்ட் டாமாக்கி ஆள்தான்."

ரதிதேவி பெட்டியை மூடினாள். "ஞாயிறு பூசை முடிய நான் காசோட வருவன். அதுக்கு முதல் ஆருக்கும் குடுக்கக்கூடாது."

"இனி மாத்தேலாது அக்கா. முழுக் காசு வேணும்."

"எனக்குக் காது கேக்கும்."

வீட்டுக்கு வந்ததும் றொபேட்டிடம் நேரே போனாள். "என்ர சின்னத் துவக்கு ரண்டையும் டெஸ்மனுக்குக் குடுக்கப் போறன். மிச்சத்துக்கு உங்கட போட்."

றொபேட் தேத்தண்ணியை வைத்துவிட்டு, வெளியே நின்ற தன் படகை எட்டிப் பார்த்தார். "என்ர போட்டையோ?"

"போன வருசம் அது தண்ணியைக் கண்டதோ?"

"கண்டது."

"நான் மழைத்தண்ணியைக் கேக்கேல்லை."

"முதலீடு எண்டுதானே இதெல்லாம் தொடங்கினீர்? வெட்டி முடிச்சா விலை ஏறுமெண்டா அந்தாள் வெட்டட்டுமன்."

"விக்கிற நாளிலதான் அது முதலீடு. மற்ற நாளெல்லாம் நான் பாக்கிறனெல்லே? அந்த வெறும் இடத்தில ஒருத்தன் உளியை வச்சா, பிறகு ஆராலயும் அதை வெறுமையாக்கேலாது. அது உங்களுக்கு இப்ப விளங்கோணும்."

"ஆசையிலதான் செய்தனான்."

"தெரியும். அதாலதான் போட்டோட மட்டும் விடுறன்."

சனிக்கிழமை காலை பாஸ்கரன் வந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கும் மதுரைக்காரர். கனநாளாக அந்தப் படகில் கண் வைத்திருந்தவர். றொபேட் அதைச் சுற்றிக் காட்டினார்.

"இஞ்சின் சில நேரம் நிண்டுபோகும், பாஸ்கரன். நடுக்கடலில."

"அப்படிங்களா?"

"எண்ணெய் விடாட்டி நிக்கும்," என்றாள் வாசலில் நின்ற ரதிதேவி.

"அடியில பெரிய கீறல்."

"மணலில இழுத்த கீறல். ஓட்டை இல்லை."

பாஸ்கரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், கோச்சுக்காதீங்க. விக்கிறது நீங்களா, அம்மாவா?"

ரதிதேவி கணவரைப் பார்த்தாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். றொபேட் படகின் விளிம்பை ஒருமுறை தடவினார்.

"நான்தான் விக்கிறன்," என்றார். "இஞ்சின் நல்ல இஞ்சின். எடும்."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனபோது ஹரி பிரசாத் முந்திவிட்டிருந்தார். திறந்த பெட்டி அவர் முன்னால் இருந்தது.

"நான் குடுக்கேல்லை அக்கா, பாக்கத்தான் கேட்டவர்," என்றார் டெஸ்மன் அவசரமாக.

ரதிதேவி காசு உறையை மேசையில் வைத்தாள், கையை எடுக்கவில்லை. ஹரி பிரசாத் ஆங்கிலத்தில் பேசினார். அவளும் ஆங்கிலத்துக்கு மாறினாள்.

"ஆன்டி, பாதியில் நிற்கிறதே. பார்க்க உங்களுக்கு உறுத்தவில்லையா?"

"இல்லை. இது முடித்துச் சாவி கொடுக்கிற வீடில்லை."

அவர் சிரித்தார். பிறகு டெஸ்மன் பக்கம் திரும்பினார். "நான் இன்னும் கொஞ்சம் கூட்டித் தருகிறேன்."

டெஸ்மன் ரதிதேவியைப் பார்த்தார்.

"பூசை முடிய எண்டு சொன்னனான்," என்றாள் தமிழில். "கோவிலடியில கோப்பிகூடக் குடிக்காம வந்து நிக்கிறன். ஓமெண்டு சொன்னது நீர்தானே?"

"நான் ஓமெண்டு சொல்லேல்லை அக்கா."

"இல்லையெண்டும் சொல்லேல்லை."

டெஸ்மன் பெருமூச்சு விட்டார். உறையை இழுத்து எடுத்தார். பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

ஹரி பிரசாத் எழுந்து, தோல்வியை மரியாதையாகவே ஏற்று, கையை நீட்டினார். "சரி ஆன்டி. உங்களுக்குப் பிறகு இது எப்படியும் விலைக்கு வரும். அப்போது வாங்கி முடிப்பேன்."

"உங்களுக்கு என்ன வயது?"

"ஐம்பத்தெட்டு."

"எனக்கு எழுபது," என்று சொல்லி ரதிதேவி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். "என் அம்மா தொண்ணூற்றாறு வரைக்கும் இருந்தவர். கடைசி வருடமும் ஊசிக்குத் தானே நூல் கோத்தவர். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்."