மூச்சுக்கு ஒரு பங்காளி

தளவாய்க்கு மூச்சு முட்டினால் மனைவி முப்பிடாதியம்மாள்தான் வேண்டும். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெறுவதற்குள் பீடி அவர் நெஞ்சைத் தின்றுவிட்டிருந்தது. நுரையீரல் இனிப் பழையபடி ஆகாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பீடி போனது. முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுப்பது, வெந்நீர் வைப்பது, நெஞ்சைத் தடவுவது எல்லாம் அவள் வேலையானது. மகள்கள் ஊரிலிருந்து வந்தால்கூடத் தொட விடமாட்டாள். "ஒங்களுக்குப் பதம் தெரியாது" என்பாள். அலுத்துக்கொண்டு சொன்னாலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசியில் ஒருநாள் காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க?"

"குத்தாலத்துக்கு. தாய்ச்சி இருக்கு."

"எந்த ஆச்சி?"

தளவாய்க்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அது அடங்க நேரமாயிற்று. "ஆச்சி இல்லட்டி. தாய்ச்சி. சீனாக்காரன் செய்யுத எக்சர்சைஸ். சேக் தாவூது பாய் சிங்கப்பூர்ல இருந்து வந்திருக்காருல்லா, அவருக்கும் என்னைய மாதிரிதான் நெஞ்சு. அதச் செஞ்சுதான் நடமாடுதாரு."

ஐந்தருவி போகும் வழியில் ஒரு தோப்பு. தென்காசியிலிருந்து காலை டவுன் பஸ்ஸில் அவரும் பாயும் போய்வரத் தொடங்கினார்கள். அதன்பின் வீட்டில் எதற்கும் பாய்தான். பாய் மெதுவாகச் சாப்பிடச் சொன்னார். பாய் உதட்டைக் குவித்து மூச்சு விடச் சொன்னார். இதையெல்லாம் அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

ஒரு மத்தியானம் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. முப்பிடாதி தலையணையோடு ஓடினாள். அவர் வேண்டாம் என்று கையமர்த்தினார். பிறகு எழுந்து நின்று இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி, தண்ணீரை அமுக்குவதுபோல இறக்கினார். மறுபடி உயர்த்தினார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வசத்துக்கு வந்தது. அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். சந்தோஷப்பட வேண்டியதுதான். அடுக்களைக்குப் போய் ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தாள்.

மறுநாள் அடுத்த பஸ்ஸில் அவளும் போனாள். மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இரண்டு கிழவர்கள் எதிரெதிரே நின்று, கனமில்லாத பெரிய பானையைச் சுமந்து திரும்புவதுபோல அசைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மூச்சை இழுக்கும்போது மற்றவரும் இழுத்தார். தளவாயின் கண் பாயின் கையை விட்டு நகரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தன்னை அவர் அப்படிப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. வயிறு எரிந்தது. அடுத்து வந்த பஸ்ஸில் தென்காசிக்குத் திரும்பினாள்.

நேராகத் தாவூது வீட்டுக்குத்தான் போனாள். அவர் மனைவி சைதூன் பீவி கதவைத் திறந்தாள்.

"ஒங்க வீட்டுக்காரரக் கொஞ்சம் சொல்லி வைங்க. எங்க வீட்டு மனுசன் எனக்கு இல்லாமலே போயிட்டாரு."

"நான் சொல்ல வேண்டியத நீங்க சொல்லுதீகளே யக்கா!" சைதூனுக்குக் குரல் ஏறியது. "சிங்கப்பூர்ல அவருக்குச் சோடி நான்தான். பக்கத்து வீட்டுச் சீனத்தி எங்க ரெண்டு பேருக்கும் சேத்துல்லா சொல்லித் தந்தா. தெனமும் வீட்டுக்குக் கீழ திடல்ல செய்வோம். இங்கன வந்ததும், பொம்பள வெளிய நின்னு கைய ஆட்டுனா ஊரு சிரிக்கும்னு என்னைய விட்டுட்டாரு. இப்ப வாயத் தொறந்தா ஏட்டையாதான். ஏட்டையா கை பூ மாதிரி வருதாம்! எனக்குக் கேக்கக் கேக்க ஒடம்பெல்லாம் எரியுது."

சண்டைக்கு வந்த முப்பிடாதி உட்கார்ந்துவிட்டாள். சைதூன் கொடுத்த டீயைக் குடித்துமுடித்து, "எனக்குச் சொல்லித் தாரீகளா?" என்றாள்.

காலையில் ஆண்கள் தோப்புக்குப் போனதும், சைதூன் வீட்டுப் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார்கள். வயல் வேலை பார்த்து வளர்ந்த உடம்புக்கு மெதுவாக அசைவதுதான் கஷ்டமாக இருந்தது. "மெதுவா யக்கா, மாவா ஆட்டுதீக?" என்று சைதூன் சிரிப்பாள். முப்பிடாதிக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. பறிபோன இடம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஆனியில் சாரல் பிடித்தது. ஈரக்காற்றில் போகக்கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். தளவாய் வீட்டுக்குள் தனியாகச் செய்துபார்த்தார். எதற்குப் பின் எது என்று மறந்துபோய், அவசரப்பட்டு, மூச்சு வாங்கினார். முப்பிடாதி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"என்னையப் பாருங்க."

கைகளை உயர்த்தினாள். தளவாய் திகைத்துப்போனார்.

"ஒனக்கு யாருட்டி சொல்லித் தந்தா?"

"மொதல்ல மூச்ச விடுங்க. பொறவு கேளுங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். வேறெங்கும் பார்க்காமல், அவள் இழுத்தபோது இழுத்து, விட்டபோது விட்டார். வெளியே ஓட்டில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. முடிந்ததும், "பாய் கைய இவ்வளவு எறக்கமாட்டாரே" என்றார்.

"நான் படிச்ச எடம் வேற."

"எந்த எடம்?"

அன்று முழுக்க விடாமல் கேட்டார். யாரோ ஒருவர் தனக்குத் தெரியாமல் தன் பெண்டாட்டிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்பது அவர் முகத்தைக் கடுகடுக்க வைத்தது. அதைப் பார்க்கப் பார்க்க முப்பிடாதிக்கு மனசு குளிர்ந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஆவணியில் வெயில் வந்ததும் அவர் மறுபடி பஸ்ஸுக்குக் கிளம்பினார். நெஞ்சு குணமாகிவிடவில்லை. ஆனால் கோயில் வாசல் வரை எங்கும் உட்காராமல் நடந்தார். சாயங்காலம் அவளோடும் ஒருதடவை செய்தார். இருந்தாலும் அவருக்குக் காலைத் தோப்புதான் பெரிது என்று அவளுக்குத் தெரியும். "பாய் காத்திருப்பாரு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் சுருக்கென்றது.

அவர் தலை தெரு முனையில் மறைந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்குவாள். தாவூது வீட்டில் சைதூன் பீவி, இரண்டு கிழவர்களையும் வைதுகொண்டே, பின்கட்டைப் பெருக்கி வைத்திருப்பாள்.