எதிர்பார்த்த மோதல்: ஒன்று

அக்காவுக்குத் தம்பி மேல் எவ்வளவு பாசம் என்று தெரிய வேண்டுமா? அவள் எழுதிய பார்சர் ஜெனரேட்டரைத் திறந்து பார்த்தால் போதும். யாராவது புதிதாக ஒரு நிரல்மொழியை உருவாக்கி அதன் விதிகளைக் கொடுத்தால், அந்த மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரலைத் தானே எழுதித் தரும் கருவி அது. ஒன்பது வருஷத்து உழைப்பு. விதிகளில் ஒரே வரியை இரண்டு விதமாகப் படிக்க இடமிருந்தால் ‘மோதல்’ என்று சிவப்பு எழுத்தில் கத்தும். ஆள் பார்த்துக் கத்தும் பழக்கம் அதற்குக் கிடையாது. தம்பி வேலைக்கு வந்த மாதம்தான் அந்தக் கண்டிப்பில் ஓட்டை விழுந்தது.

தம்பிக்கு வீட்டில் பட்டப்பெயர் ‘அரைக்கிணறு’. உபயம், தாய்மாமா. படிப்பில் பாதி, கப்பல் பயிற்சியில் பாதி, பார்த்த நாலு வேலையிலும் பாதி என்று எதிலும் அரைக்கிணறு மட்டுமே தாண்டியவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார் அந்த மனுஷன்? முப்பத்தொரு வயதில் அக்காவின் அறைக்கு வந்து சேர்ந்தான். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறியும் எப்போதும் தம்பி பக்கமே திரும்பியிருக்கும்.

முதல் வாரமே அவன் எழுதிய மொழி விதிகளைப் பார்த்துக் கருவி கத்தியது. ஒரு நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனை வந்தால், கடைசியில் வரும் ‘இல்லாவிட்டால்’ எதைச் சேர்ந்தது என்ற பழைய தகராறுதான். பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துக்கொள்வது கருவியின் வழக்கம். அதனால் கெடுதல் ஒன்றும் வராது. ஆனாலும் சிவப்பைக் கண்டதும் தம்பியின் முகம் சுண்டிவிட்டது.

“எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுக்கா” என்று பையைத் தோளில் மாட்டினான்.

அக்கா பதறிப்போனாள். அன்றைக்கே கருவியில் ஒரு வசதி செய்தாள். விதிகளின் தலையில் ‘எதிர்பார்த்த மோதல்: ஒன்று’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், மோதலின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்வரை கருவி வாயைத் திறக்காது. தம்பி பையைக் கழற்றி வைத்தான்.

பதினான்கு மாதம் ஓடிவிட்டது. அதே தம்பி இன்று அந்த விதிகளையே வளர்த்து ஒரு முழு மொழியை முடித்து வைத்திருந்தான். கண்ணாடிக் கூடங்களில் நாற்று வளர்த்து விற்கும் ஓர் அம்மாள் கேட்ட மொழி அது. அவளுடைய ஆட்கள் நாலு வார்த்தையில் கட்டளை எழுதினால் ஜன்னலும் விளக்கும் தண்ணீர்க்குழாயும் அதன்படி இயங்க வேண்டும். மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தைக் கரை சேர்த்த தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிப் போயிருந்தான்.

அக்கா அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா, தம்பியின் மொழியை வைத்துத் தன் புது வேலையைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டாள். எந்த மொழியின் விதிகளைக் கொடுத்தாலும் அவற்றில் குழப்பமே இல்லை என்று அடித்துச் சொல்ல உலகத்தில் எந்த நிரலாலும் முடியாது. ஆனால் சின்ன வாக்கியத்தில் தொடங்கி, நீளத்தைக் கூட்டிக்கொண்டே போய், இரண்டு விதமாகப் பிரியும் வாக்கியம் ஏதாவது சிக்குகிறதா என்று தேடலாம். அப்படித் தேடும் சோதனை நிரலைப் போன வாரம்தான் எழுதி முடித்திருந்தாள்.

நாலு நிமிடத்தில் ஒன்று சிக்கியது.

‘ஜன்னல் திற, விளக்கு அணை, மூன்றாம் கூடம் தவிர.’

மூன்றாம் கூடத்துக்கு விலக்கு எதிலிருந்து? விளக்கை அணைப்பதிலிருந்து மட்டுமா, ஜன்னல் திறப்பதிலிருந்துமா? கருவி தன் வழக்கப்படி பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துக்கொண்டிருந்தது. அப்படியானால் மூன்றாம் கூடத்து ஜன்னல் திறக்கும். அங்கேதான் முளைவிட்ட நாற்றுகள் இருக்கின்றன. ஒரு குளிர்காற்று அடித்தால் அத்தனையும் சுருண்டுவிடும்.

கருவி ஏன் கத்தவில்லை? விதிகளை மேலிருந்து கீழே படித்ததும் அக்காவுக்குப் புரிந்தது. ஒவ்வொரு நிபந்தனையும் ‘முடி’ என்று முடிய வேண்டும் என விதித்து, பழைய மோதலைத் தம்பி அழகாகத் தீர்த்திருந்தான். பிறகு ‘தவிர’ என்ற வசதியைச் சேர்த்தபோது புது மோதல் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. போனது ஒன்று, வந்தது ஒன்று. எண்ணிக்கை அதே ஒன்று. தலையில் இருந்த வரியை அவனும் எடுக்கவில்லை, கருவியும் வாயைத் திறக்கவில்லை. அதன் வாயைக் கட்டியவள் அக்காதான்.

மணி இரண்டேகால். விதியில் ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும், விலக்கு இரண்டுக்கும் பொருந்திவிடும். அவனுக்குத் தெரியவே தெரியாது. இருவருக்கும் கடவுச்சொல்கூட ஒன்றுதான். விசைப்பலகையில் கை வைத்தாள். வரியை மாற்றியும்விட்டாள். சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. கை நகரவில்லை.

தப்பு அவன் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டதால்தானே இந்தத் தப்பே வந்தது?

புதுத் தலையோடு தம்பி படியேறி வந்தான். “எப்படிக்கா இருக்கு? ஆளே மாறிட்டேன்ல?”

“இங்க வா. இதப் பாரு.”

பார்த்தான். ஒருமுறை படித்தான். மறுபடி படித்தான். அவன் கை பையைத் தேடும் என்று அக்கா மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். கை தேடியது பையை அல்ல, தொலைபேசியை.

“அம்மா, நான்தான் பேசறேன். இன்னிக்கு வர வேண்டாம்மா. ஒரு தப்பு இருக்கு. என் தப்புதான். ஒண்ணு கேக்கணும். ஜன்னல் திற, விளக்கு அணை, மூணாம் கூடம் தவிரன்னு உங்க ஆளுங்க எழுதினா, என்ன அர்த்தத்துல எழுதுவாங்க?”

மறுமுனையில் அந்த அம்மாள் வெகுநேரம் பேசினாள். தம்பி ‘சரிம்மா, சரிம்மா’ என்று எழுதிக்கொண்டான்.

“ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்களாம்” என்றான் தொலைபேசியை வைத்துவிட்டு. “அடைப்புக்குறி போடாம ‘தவிர’ன்னு எழுதவே விடக் கூடாது. ரெண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை வர்றாங்க.”

“கோச்சுக்கிட்டாங்களா?”

“இல்ல. கேட்டதுக்கு நன்றின்னாங்க.”

திரையில் சேமிக்காமல் கிடந்த மாற்றத்தைத் தம்பி அப்போதுதான் கவனித்தான்.

“இத நீயே மாத்தி வைக்கப் பாத்தியா?”

“ஆமாம்டா.”

“இதுக்கு முன்னாடியும் பண்ணியிருக்கியா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஏழு தடவ.”

அவன் முகம் சுண்டியது. நாற்காலியிலிருந்து எழுந்தான். போய்விடப் போகிறான் என்று அக்கா பயந்தாள். அவனோ மின்விசிறியை இரண்டு மேஜைக்கும் நடுவில் திருப்பி வைத்தான். தன் நாற்காலியை அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“ஏழையும் காட்டு” என்றான். “முதல்லேர்ந்து.”