பஞ்சடைத்த அறை

1964இல் என் மனைவி லட்சுமிகாந்தத்தின் பாட்டுக்காக வீட்டுப் பின்னறையை மாற்றிக் கட்டினேன். சென்னைச் சபா ஒன்று அடுத்த வருடக் கச்சேரிகளுக்குப் புதுப் பாடகிகளைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் எட்டு மாதக் கர்ப்பிணி, ரயிலேற முடியாது. டேப்பில் பதிந்து அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தார்கள்.

ஆனால் நாங்கள் இருப்பது சிவகாசி. பின்சுவருக்கு அப்பால் பட்டாசுக் கம்பெனி. ஒவ்வொரு லோடிலும் இரண்டு வெடியை எடுத்துச் சாம்பிளுக்கு வெடித்துப் பார்ப்பார்கள். பகல் முழுக்க டமார் டமார்தான்.

சத்தத்தைத் தடுக்கும் வித்தை அச்சகம் நடத்துகிற எனக்கென்ன தெரியும்? தெரிந்த மாதிரி இறங்கினேன். ஜன்னலைச் செங்கல்லால் அடைத்தேன். விருதுநகரிலிருந்து கழிவுப் பஞ்சு வரவழைத்து, சுவரெங்கும் சாக்கு அடித்து உள்ளே திணித்தேன். கதவுக்கு இரண்டு மெத்தை. லட்சுமியை உள்ளே உட்காரவைத்துச் சாத்தினேன். கால்மணி கழித்துத் திறந்தேன்.

"வெடி கேட்டுச்சா?"

"இல்லீங்களே."

கொத்தனார் சின்னச்சாமியும் கேட்கவில்லை என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாடிப் பதிந்து, போட்டுக் கேட்டோம். சரணத்துக்குள் நாலு டமார். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எங்கள் காது வெடியைக் கண்டுகொள்வதில்லை. டேப் ரிக்கார்டர் ஊருக்குப் புதிது.

சபா சொன்ன கெடுவுக்கு மறுநாள்தான் கடைசித் தபால். கம்பெனி போர்மேன் பலவேசத்திடம் ஓடினேன்.

"அரைமணி நேரம் வெடிக்காம இருக்கோம் மொதலாளி. அம்மா பாடட்டும்" என்றார்.

லட்சுமி பாடினாள். அவள் குரல் இவ்வளவு நல்ல குரல் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பாட்டு முடியுமுன் வாசற்கதவைப் படபடவென்று தட்டினார்கள். திறந்தால் பாதித் தெரு நிற்கிறது. எங்கள் வீட்டில்தான் டெலிபோன் உண்டு.

"கம்பெனிக்கு ஒரு போன் போடுங்கய்யா" என்றாள் எதிர்வீட்டு இருளம்மாள். "சத்தத்தையே காணோம். எம் மக அங்கனதான் வேல பாக்குறா."

விபத்து நடந்தால் உடனே நிறுத்துவது சாம்பிள் வெடியைத்தான். அதை எப்படி மறந்தேன்? வெட்கமாக இருந்தது.

லட்சுமி மெல்ல எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகலக்கா. எம் பாட்டுக்காக நிப்பாட்டச் சொன்னோம்." பிறகு என்னிடம், "போய் வெடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

"டேப்பு?"

"வெடியோடயே பாடுறேன். பிடிச்சாக் கூப்பிடட்டும்."

பலவேசத்துக்கு போன் போட்டேன். முதல் வெடி வெடித்ததும் இருளம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருடத்தில் அன்றுதான் அந்தச் சத்தம் நேராக என் காதில் விழுந்தது.