பூனை பிரித்த தையல்

குழாய் பதிக்கிறேன் என்று எங்கள் கடைத் தெருவை முழுக்கத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். சோபா ரிப்பேர் கடைக்கு இதைவிடக் கெடுதல் வேறு கிடையாது. செருப்பு என்றால் கையில் எடுத்துக்கொண்டு பள்ளத்தைத் தாண்டி வருவார்கள். சோபாவை யார் தூக்கி வருவார்கள்? எப்போது மூடுவீர்கள் என்று மேஸ்திரியைக் கேட்டால், "ஆச்சும்மா, ஆச்சு" என்பான். அவனோடு கத்தியே என் தொண்டை கட்டிவிட்டது.

கடையில் வேலைக்கு இரண்டே பேர். மாஸ்டர் சட்டம் அடிப்பார், பஞ்சு வைப்பார், துணி இழுத்து ஆணி அடிப்பார். உறை தைக்கிறவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தோம். மெஷினும் வாயும் சேர்ந்தே ஓடும். வேலை நின்றதும் ரேடியோ ஊமையாகிவிட்டது. மாஸ்டர் துடைத்த சுத்தியலையே துடைத்துக்கொண்டிருந்தார். சம்பளத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்து வாங்குவது அவர்களுக்கு உறுத்தியது.

இந்த லட்சணத்தில் பெரிய ஷோரூம்காரன் ஒருவன் என் கண் முன்னாலேயே மாஸ்டரை வேலைக்குக் கூப்பிட்டான். "யோசிச்சு சொல்றேங்க" என்றார் மாஸ்டர். அவர் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஊழியர்களை வட்டமாக நிற்க வைத்துக் கைதட்டச் சொல்லுங்கள், உற்சாகம் வரும் என்று போன் வீடியோவில் ஒருவன் உபதேசம் செய்தான். தட்டினோம். மூன்று பேருக்கு வட்டமே வரவில்லை.

"இது எதுக்குக்கா, கொசு அடிக்கவா?" என்றாள் ரேடியோ. அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

"உன் ஒத்தை சோபாவ ரிப்பேருக்கு அனுப்பு."

"அது நல்லாத்தானே இருக்கு அண்ணி?"

பிளேடை எடுத்தேனே தவிர, அந்த நல்ல துணியில் வைக்கக் கை வரவில்லை. என்னையே திட்டிக்கொண்டு தையலோரமாகப் பிரித்துவிட்டேன்.

"கேட்டா பூனை கிழிச்சிருச்சுன்னு சொல்லு."

"எங்க வீட்ல பூனையே இல்லையே."

"இன்னையிலேருந்து இருக்கு."

அவள் வீட்டுக்காரர் சோபாவைத் தலையில் வைத்துப் பலகை மேல் பள்ளத்தைத் தாண்டி வந்து, என்னை முறைத்துவிட்டுப் போனார். ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டாள். பிறகு சித்தி வீட்டு நாற்காலி, தம்பி வீட்டு மெத்தை. ஊரில் இல்லாத பூனையெல்லாம் எங்கள் சொந்தக்காரர் வீடுகளில்தான்.

மாஸ்டர் மட்டும் ஷோரூம் பேச்சையே எடுக்கவில்லை. சாயந்திரம் அவர் கைகழுவும்போதெல்லாம் இன்றோடு சரி என்று எனக்குப் பக்கென்று இருக்கும். ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"போறீங்களா இருக்கீங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைங்க மாஸ்டர்."

அவர் தம்பி வீட்டு மெத்தையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம் முதலாளியம்மா. துணியில ஒரு கீறல் விழாம தையலை மட்டும் பிரிச்சு, நூல் நுனியில முடிச்சும் போட்டு வெக்கிற பூனை எங்க கிடைக்கும்? நம்ம கடைக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்."

ரேடியோ மெஷின் மேல் கவிழ்ந்து சிரித்தாள். "மொத சோபாவுலயே தெரியும்க்கா. உங்க முடிச்சு எனக்குத் தெரியாதா?"

எனக்கு மானமே போயிற்று. "தெரிஞ்சேவா தச்சீங்க?"

"பின்ன? அவ்வளவு பாடுபட்டுப் பிரிச்சிருக்கீங்க."

மாஸ்டர் பக்கம் திரும்பினேன். "அப்ப அந்த ஷோரூம்?" என்றேன்.

"மொத சோபா வந்த அன்னைக்குச் சாயந்திரமே வரலைன்னு சொல்லிட்டேன்மா."

"அட பாவி மனுஷா. நான் தூக்கம் இல்லாம கெடக்கேன். எங்கிட்ட ஏன் சொல்லல?"

ரேடியோ நூல் எடுக்க உள்ளே போகும்வரை மாஸ்டர் மெத்தையையே தட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சொல்லியிருந்தா நீங்க பிரிக்கிறத நிறுத்தியிருப்பீங்க. இந்தப் புள்ள மறுபடி வாய மூடிட்டு உக்காந்திருக்கும். அத என்னால பாக்க முடியாதும்மா."

நன்றாக நாலு திட்டு திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுதுவிட்டேன். மாஸ்டர் அவசரமாக ஒரு துணியை எடுத்து நீட்டினார்.

"கழிவுத் துண்டுதாம்மா, தாராளமா தொடைங்க."