ஃபாரத்துல நான் போட்ட டிக்

அக்கா கையிலருந்து மாமாவோட சட்டையைப் புடுங்கிட்டேன்டி. சோப்புத் தண்ணியில பாதி நனைஞ்ச சட்டை. "தொடாத, தொடாத"ன்னு கத்தறேன். அக்கா வாளி பக்கத்துல குந்தினபடியே என்னைப் பாக்கறா. அம்மா கரண்டியோட ஓடி வந்து, "பேய் புடிச்சுதா உனக்கு?"ங்கறாங்க. நான் சட்டையைக் கட்டிப் புடிச்சிட்டு அழறேன். அப்பறம்தான் உறைக்குது, நானும் அதைக் கட்டிப் புடிக்கக் கூடாதே!

மணி ரெண்டாகப் போகுது, தூக்கம் வரல. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்.

எங்க மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், பழைய பேட்டரியை உடைச்சு உள்ள இருக்கற ஈயத்தை உருக்கற பட்டறையில வேலை பாக்கறாருல்ல? அவரும் அக்காவும் குழந்தை பெத்துக்கலாம்னு முடிவு பண்ணி, உண்டாகறதுக்கு முன்னாடியே உடம்பைச் சரி பண்ணிக்கணும்னு போன மாசம் கிளினிக் போனாங்க. ஆளுக்கொரு ஃபாரம் குடுத்து விட்டாங்க. எங்க வீட்ல எந்த ஃபாரம் வந்தாலும் என் தலையிலதான் விழும், கையெழுத்து நல்லா இருக்காம். மாமா ஃபாரத்துல ஒரு கேள்வி: வேலை செய்யற இடத்துல ஈயம், பெயின்ட், பூச்சி மருந்து ஏதாவது இருக்கா?

"இல்லைன்னு போடு"ன்னாரு மாமா.

"இருக்கே மாமா?"

"இருக்குன்னு போட்டா என்னையும் ஊசி குத்துவாங்க. பெத்துக்கப் போறது உங்கக்கா. எனக்கா வயிறு தள்ளப் போகுது? எனக்கு ஏற்கெனவே தள்ளித்தான் இருக்கு."

சிரிச்சிட்டேன்டி. சிரிச்சிக்கிட்டே இல்லைன்னு டிக் போட்டேன்.

இன்னிக்கு அக்காவுக்குத் துணையா நான்தான் கிளினிக் போனேன். ஒரு மாசமா மாத்திரை சாப்ட்டதுல அவளுக்கு ரத்தம் நல்லா ஏறியிருக்காம். அவ மாத்திரை வாங்க வரிசையில நிக்கறா, நான் பெஞ்சுல உக்காந்திருக்கேன். பக்கத்துல ஒரு பெயின்டரும் அவர் பொண்டாட்டியும். நர்சம்மா அவர்கிட்ட சொல்றாங்க: "வேலை செய்யற இடத்துத் தூசி சட்டையில ஒட்டி வீட்டுக்கு வரும். அந்தச் சட்டையை உதறித் துவைக்கறது யாரு? இவங்கதானே? அதுல ஈயம் இருந்தா இவங்க உடம்புல தங்கும், நாளைக்கு வயித்துல இருக்கற குழந்தைக்கும் போகும். உங்களுக்கும் நல்லதில்ல, அப்பா உடம்பும் கணக்குல உண்டு."

மாமா ஃபாரத்துல நான் போட்ட டிக்தான் ஞாபகம் வந்துச்சு. அக்கா தினம் ராத்திரி அந்த நீலச் சட்டையை நாலு உதறு உதறித்தான் வாளியில போடுவா. எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து அவ சட்டையைக் கையில எடுத்ததும்தான் அப்படிக் கத்திட்டேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அக்கா வாளியை விட்டு எழுந்தா. கூடத்துல இருந்த மாமாகிட்ட போய் நின்னா. "வயித்தைப் பொரட்டப் பொரட்ட ஒரு மாசமா மாத்திரை முழுங்கறேன். நீங்க ஒரு ஊசிக்குப் பயந்து பொய் எழுதச் சொன்னீங்களா? அதுவும் சின்னப் பொண்ணை?"

"ஊசிக்கு இல்லடி..." மாமா தரையைப் பாத்தாரு. "ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா? இந்த வேலையை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

அம்மா நடுவுல புகுந்தாங்க. "முதல்ல எல்லாரும் கையைக் கழுவுங்க. அப்பறம் சண்டை போடலாம்."

வரிசையா நின்னு கழுவினோம்டி. நான் ரெண்டு தடவை கழுவினேன்.

அக்கா நர்சம்மாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சா. திட்டுவாங்கன்னு நெனச்சேன். "இன்னும் உண்டாகலைல்ல? அப்ப நல்ல நேரத்துலதான் சொல்லியிருக்கீங்க"ன்னாங்க. காலையில ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கணும். பட்டறையிலயே குளிச்சு, சட்டையை அங்கயே கழட்டி வச்சிட்டு வரணும். ரத்தத்துல ஈயம் இருந்தா, அது எறங்கற வரைக்கும் குழந்தையைத் தள்ளிப் போடணும், மூணு மாசத்துல மறுபடி பாக்கலாம்னாங்க.

மாமா உடனே அதே மாதிரி ஸ்பீக்கர்ல, கூட வேலை செய்யறவருக்கு ஃபோன் போட்டாரு. "டேய், பின்னாடி இருக்கற குழாயில தண்ணி வருதா?"

"ஏன்டா, இனிமே மாப்பிள்ளை மாதிரி குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவியோ?"

"ஆமாடா. நீயும் குளி. உன் வீட்லயும் புள்ளைங்க இருக்கு."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்னுடுச்சு. "சோப்பு நான் கொண்டாரேன்"னாரு அவரு. அதைக் கேட்டதும்தான் அக்கா மூஞ்சியில லேசா ஒரு சிரிப்பு வந்துச்சு.

இப்பத்தான் தண்ணி குடிக்கப் போனேன். சமையக்கட்டுல லைட் போடாம மாமா உக்காந்திருக்காரு.

"எம்மேல கோவமா, குட்டி?"

"என் மேலதான் மாமா கோவம்."

"அடச்சீ, நீ என்ன பண்ணுவ." ஜன்னல் வெளிச்சத்துல கையை விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டாரு. "பதினோரு வருஷமா அங்க நிக்கறேன். எவ்வளவு உள்ள போயிருக்கோ. படிக்கற புள்ளை நீ, சொல்லு. எறங்கிடுமா?"