கழுத்தில் தொங்கிய அட்டை

நாயாய் அலைந்து வாங்கிய லைசென்ஸ் அட்டை அன்றுதான் முதன்முதலாக என் கழுத்தில் தொங்கியது. நடைபாதையில் சாக்ஸை விரித்துப்போட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கர்சீப் விற்கும் என் நாத்தனாருக்கு லைசென்சும் இல்லை, காலில் சுளுக்கு வேறு.

முனையில் செருப்புக்காரர் விசிலடித்தார். மாநகராட்சி வண்டி! என் கை யாரைக் கேட்டது? விரிப்பின் நாலு மூலைக் கயிற்றையும் ஒரே இழுப்பாக இழுத்து, மூட்டையோடு ஓடினேன். சந்தில் மடக்கிவிட்டார்கள்.

“லைசென்ஸ் இருக்கறவ எதுக்குடி ஓடினே?”

“பழகிப்போச்சு சார். இத்தனை வருஷமா ஓடவிட்டது நீங்கதானே?”

“வாய் வேறயா? ஒழுங்கான அட்டைன்னா ஓடுவியா? இது போலி,” என்று அதிகாரி அட்டையைப் பிடுங்கிக்கொண்டான். மூட்டையும் வண்டியேறியது.

வெறுங்கையோடு திரும்பினேன். நாத்தனார் இருந்த இடத்திலேயே வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

“அசையாம உட்கார்ந்திருந்தேனா, லைசென்ஸ் இருக்குன்னு நம்பிட்டாங்க அண்ணி,” என்றாள், கர்சீப்பை மடித்தபடி.