சோரிங் முறுக்கிய பிருடைகள்

கிதார்ப் பட்டறைகள் நிறைந்த அபூனோ தெருவில் தொங்கிய கிதார்களில் பாதிக்கு மேல் காலையில் தாமாகவே சுருதி ஏறின, சாப்பாட்டு வேளையில் இறங்கின, சாப்பாடு முடிந்ததும் மறுபடி ஏறி, பொழுது சாயும்போது தொய்ந்துபோயின. ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் நடக்கவில்லை. முதல் வாரம் கடற்காற்றின் ஈரம் என்றார்கள். ஈரம் ஞாயிற்றுக்கிழமை பார்த்து லீவு எடுக்காது என்று கடைக்கார எர்மோ சொன்ன பிறகு வேறு காரணம் தேடினார்கள். கிடைக்கவில்லை, பழகிவிட்டார்கள். கடிகாரம் நின்றுபோன வீடுகளில் பெண்கள் கிதாரைக் கேட்டு அடுப்பு மூட்டினார்கள். "கிதார் இறங்கிடுச்சு, கருவாட்டைப் பொரி" என்று சொல்வது அந்த வருஷம் தெருவில் சாதாரணப் பேச்சு. சுற்றுலாக்காரர்கள் வாங்கிய கிதாரைத் திருப்பிக் கொண்டுவந்து சத்தம் போட்டால், கடைக்காரர்கள் சாயங்காலம் வரை உட்கார வைத்து இளநீர் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

மக்தான் தீவில் கிதாரின் எல்லாமும் உள்ளூர்தான். உடம்புக்குப் பலாமரம், ஓரத்துக்குச் சிப்பி, பூச்சுக்குக் கையால் தேய்க்கும் அரக்கு. தந்தியைப் பிடித்து முறுக்கும் பிருடைகள் மட்டும் தைவானிலிருந்து வந்தன. அவ்வளவு நுணுக்கமாகப் பல்சக்கரம் வெட்டும் இயந்திரம் தீவில் யாரிடமும் கிடையாது. எங்கிராசியா அக்காதான் அவற்றைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தாள். கட்டி முடித்த கிதார்களைக் கப்பலில் அனுப்புவதும் அவளே. 'முழுக்க முழுக்க மக்தானில் செய்தது' என்று ஒவ்வொரு கடைப் பலகையிலும் எழுதியிருந்தது. "உடம்பு நம்ம ஊரு, காது மட்டும் அயலூரு" என்று எர்மோ கிண்டல் செய்வான். அவன் கடைப் பலகையிலும் அதே வாசகம்தான்.

அந்தத் தெருவில் கிதார் கட்டும் சிப்ரியானோவின் மனைவி கொன்சோர்சியாவைத் தெருவே சோரிங் என்று அழைத்தது. அரக்கு தேய்ப்பதில் அவளுக்கு இணை கிடையாது. அவள் தேய்த்த கிதாரில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். புயல் ஒன்று பட்டறைக் கூரையைத் தூக்கிக் கடலில் போட்ட வருஷம், அவள் ஏஜென்சி மூலம் தைவானுக்கு வேலைக்குப் போனாள். போன இடம் பிருடை செய்யும் தொழிற்சாலை. பக்கத்து வீட்டுக்கு உப்பு கேட்கப் போனவள் உப்பளத்திலேயே வேலைக்குச் சேர்ந்த கதையாக இருக்கிறது என்று தெரு சிரித்தது. பிருடைகளைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்து, சரியாக இருந்தால் பெட்டியில் போடுவது அவள் வேலை.

எங்கிராசியா அக்காவின் பெட்டிகளில் சில தேங்காய் எண்ணெய் மணத்தன. சிப்ரியானோ அந்த வாசனையை முகர்ந்ததும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சோரிங் தினமும் தலைக்கு எண்ணெய் வைப்பவள், விரலைத் துணியில் துடைக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. சுருதி ஏறி இறங்கிய கிதார்கள் எல்லாம் அந்தப் பெட்டிப் பிருடைகள் போட்டவை என்பதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. அங்கே அவள் திருகினால் இங்கே தந்தி ஏறுகிறது. அதைத் தெருவில் சொன்னான். ஆச்சரியப்பட்டவர்கள் சிலர், மற்றவர்கள், அப்படியானால் சரி, ஈரம் இல்லை என்று நிம்மதியானார்கள்.

மறுமுனையும் இருக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் தெரிந்தது. பெட்டிக்கடையில் தெருவே கேட்க ஒலிபெருக்கியில் பேசுவார்கள், அங்கே ரகசியம் பேச நினைப்பவன் முட்டாள். சோரிங் புருஷனைச் செல்லமாக டோங் என்பாள், அவன் அவளை இந்தாய் என்பான்.

"வியாழக்கிழமை என்ன பண்ணித் தொலைச்சே, டோங்? மத்தியானம் ரெண்டு கையும் துணி மாதிரித் தொங்கிப்போச்சு. சூபர்வைசர் வந்து நடிக்கிறியான்னு கேட்டான்."

"வியாழக்கிழமையா? எங்கிராசியா அக்காவோட கப்பல் சரக்கு. தந்தியெல்லாம் தளர்த்தினோம், இந்தாய். வேற ஒண்ணும் இல்லையே."

இரு முனையிலும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது. பிறகு அவள் சிரித்தாள். "அப்ப தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் தளர்த்து. நானும் கொஞ்ச நேரம் உக்காந்துக்குறேன்."

கப்பலேறும் கிதாருக்குத் தந்தியைத் தளர்த்தி அனுப்புவது தெருவின் வழக்கம். இறுக்கிய தந்தியோடு வெயிலில் கொதிக்கும் இரும்புப் பெட்டிக்குள் போனால் கழுத்து வளைந்துவிடும். அன்றிலிருந்து சிப்ரியானோ, சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மத்தியானத்தில் தன் பட்டறைக் கிதார்களை ஒரு சுற்று தளர்த்தினான். ஆயிரம் மைல் தள்ளி இருப்பவளின் கையைப் பிடித்துக் கீழே இறக்கி வைப்பதுபோல அதைச் செய்தான். அந்தச் சில மாதங்கள் அவனுக்கு நல்ல மாதங்கள்.

பிறகு தந்திகள் அறுந்தன. முதலில் சாயங்காலம் இறங்கவேண்டிய சுருதி இறங்கவில்லை. அடுத்து, விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கியது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் ஏறியது. தொழிற்சாலைக்கு எங்கிருந்தோ பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, கதவைப் பூட்டி வேலை வாங்குகிறார்கள், பாஸ்போர்ட் அவர்கள் பெட்டகத்தில் இருக்கிறது என்று கடைசி அழைப்பில் சோரிங் வேகமாகச் சொன்னாள். அதன்பின் பெட்டிக்கடைத் தொலைபேசி அவளுக்காக ஒலிக்கவில்லை. தெரு முழுக்கத் தந்திகள் பட்பட்டென்று தெறித்தன. தேவாலயத்தில் பாட்டு நடுவில் அறுந்தது, எர்மோவின் கன்னத்தில் அடித்து ரத்தம் வந்தது. அறுகிற ஒவ்வொரு தந்தியும் சிப்ரியானோவின் நெஞ்சில் அறுந்தது. அவன் ஏஜென்சி வாசலில் போய்க் கத்தினான். ஒப்பந்தம் முடியும்வரை எதுவும் செய்ய முடியாது என்று குளிர்பதன அறையிலிருந்து ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். அவன் தளர்த்தத் தளர்த்த, பிருடைகள் அவன் விரலையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு ஏறின. தனி ஆளாக ஒரு தொழிற்சாலையோடு மல்லுக்கட்ட முடியவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் போனது, பட்டறையில் மரம் மரமாகவே கிடந்தது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. அடுத்த கப்பல் சரக்கு, வருஷத்திலேயே பெரியது. தெருவில் உள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில் தளர்த்தினால்? தெருவைக் கூட்டி வைத்துக் கேட்டான்.

"தளர்த்தினா?" என்றாள் எங்கிராசியா அக்கா.

"கை ரெண்டும் விழுந்துடும். வேலைக்கு ஆகாத கைய வச்சுக்கிட்டு தொழிற்சாலைக்காரன் என்ன பண்ணுவான், அக்கா? பிளேன் ஏத்தி அனுப்பிடுவான்."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"எப்படிக் கேக்குறது? போனே இல்ல."

எர்மோ கன்னத்துக் கட்டைத் தடவிக்கொண்டான். "எனக்கு என்னமோ சரியாப் படல, சிப்ரி. ஆனா இன்னும் ஒரு தந்தி என் மூஞ்சில அடிச்சா நானே தைவானுக்குப் போயிடுவேன். எப்பன்னு சொல்லு, தளர்த்துறேன்."

மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். எப்படியும் தளர்த்தத்தான் போகிறார்கள், சேர்ந்து தளர்த்துவதில் என்ன வந்தது? குறித்த நாளில் தேவாலய மணி அடித்ததும், வீட்டுக்கு வீடு ஆணும் பெண்ணும் கிதாருக்கு ஒருவராக, சிலர் இரண்டு கிதாருக்கு ஒருவராக நின்று பிருடைகளைத் திருப்பினார்கள். சில பிருடைகள் எதிர்த்தன. அத்தனை கைகளையும் ஒற்றைப் பெண்ணின் கை எவ்வளவு நேரம் எதிர்க்கும்? தெரு முழுவதும் தந்திகள் முனகி இறங்கின. கடைசித் தந்தியும் தொய்ந்தபோது சிப்ரியானோ தரையில் உட்கார்ந்து அழுதான், சந்தோஷத்தில். சரக்கு அன்றைக்கே துறைமுகத்துக்குப் போனது.

அவனுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஆர்டர் பெருத்ததும் சோரிங்கைத் தகடு அழுத்தும் இயந்திரத்துக்கு மாற்றியிருந்தார்கள். பகலெல்லாம் அங்கே, மிச்ச நேரத்தில்தான் பிருடை. மணி அடித்த நேரத்தில் அவள் அச்சுக்கு அடியில் தகட்டை வைத்துக்கொண்டிருந்தாள். கைகள் துவண்டு அங்கேயே விழுந்தன. இழுக்க அவளிடம் கை இல்லை. கூட வேலை செய்த, அவர்கள் நாட்டு இலோய்லோ ஊர்ப் பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்கடைக்குப் பேசினாள். "அக்காவோட இடது கையில மூணு விரல் போயிடுச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல. அடுத்த வாரம் அனுப்பிடுவாங்க." ஒலிபெருக்கியில் தெருவே கேட்டது. ஒருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. சிப்ரியானோ கேட்டதுபோலவே அவளை அனுப்பிவைத்தார்கள்.

விமான நிலையம் அதே தீவில்தான், தெருவிலிருந்து முச்சக்கர வண்டியில் போகிற தூரம். சோரிங் வெளியே வந்தபோது இடது கையில் கட்டு இருந்தது. இரண்டு கைகளும் தோளிலிருந்து சும்மா தொங்கின. பையை வேறு யாரோ தள்ளிவந்தார்கள். அவள் அவனைப் பார்த்த முதல் பார்வையிலேயே கேட்டாள்.

"நீதானே?"

"நாந்தான்."

"எல்லாரையும் கூட்டி வச்சா?"

"எல்லாரையும் கூட்டி வச்சுத்தான். உன்னை அனுப்பிடுவான்னு நெனச்சேன், இந்தாய்."

"அனுப்பிட்டான்ல." அவ்வளவுதான். வண்டியில் அவள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் தன்னையே சபித்துக்கொண்டு வந்தான். அந்தச் சாபங்களில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை என்பதுதான் அவனுக்கு ஆத்திரம்.

வீட்டுக்கு வந்தும் கைகள் எழவில்லை. எர்மோதான் தன் கடையில் மிச்சமிருந்த தேங்காயெண்ணெய்ப் பிருடைக் கிதார் ஒன்றை எடுத்து, சும்மா இருக்கமுடியாமல் சுருதி கூட்டினான். எதிர்வீட்டில் சோரிங்கின் வலது கட்டைவிரல் நிமிர்ந்தது. அதன்பிறகு தெருவில் யாரும் அந்தக் கிதார்களை விற்கவில்லை. வீட்டுக்கு ஒன்று சுவரில் தொங்கியது. காலை எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் சுருதி சேர்த்தார்கள். "சோரிங் அக்கா காப்பி குடிக்கணும், கிதாரை முறுக்கு" என்று வாசலுக்கு வாசல் குரல் போனது. அவ்வளவுக்கும் அவளுக்கு வலது கையில் பாதிப் பலம்தான் திரும்பியது. மீதி, தந்தி தளர்ந்த கிதார்களோடு இரும்புப் பெட்டிகளில் அடைபட்டுக் கடலில் போய்க்கொண்டிருந்தது.

மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலை அவளுடைய சுண்டுவிரல் அசைந்தது. "எந்த ஊர்லயோ ஒரு பெட்டியத் திறந்துட்டாங்க" என்றாள் எங்கிராசியா அக்கா, வானிலை சொல்வதுபோல. பிறகு அங்கொன்று இங்கொன்றாகப் பலம் வந்தது. யாரோ வேகமாக வாசித்த ஒரு மாலையில் அவள் விரல்கள் மேஜைமேல் தாளம் போட்டன. சில கிதார்களைப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு அலமாரிமேல் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, அந்தப் பங்கு வரவே இல்லை. புதிதாக வந்த பிருடைகள் வேறு யாருடைய கையோ முறுக்கியவை. அவை ஒழுங்காக நின்றன, எண்ணெய் மணக்கவில்லை, தெருவில் யாருக்கும் அவற்றைப் பிடிக்கவும் இல்லை.

இவ்வளவிலும் அவள் சிப்ரியானோவை மன்னிக்கவில்லை. கை எழாத வேளைகளில் எங்கிராசியா ஊட்டினால் சாப்பிடுவாள், எர்மோவின் மனைவி ஊட்டினால் சாப்பிடுவாள். அவன் கரண்டியை எடுத்தால் உதட்டை மூடிக்கொள்வாள். அவன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோவான். பட்டறை வேலைக்கு முன்னும் பின்னும் வீடு வீடாகப் போய், தளர்ந்த தந்திகளைத் தேடித் தேடிக் கூட்டுவான். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது.

மழை நின்ற ஒரு மத்தியானம், சோறும் மீன்குழம்பும் முன்னால் இருக்க, அவள் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. குழம்பு மேஜையில் சொட்டியது. அவன் எழுந்து தெருவில் ஓடி எல்லாச் சுவர்களையும் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பினான். எல்லாக் கிதாரும் சுருதியில்தான் இருந்தன.

"ஓடாதே, டோங்" என்றாள் சோரிங். "எந்த ஊர்லயோ எவனோ வாசிச்சுட்டு, தந்தியத் தளர்த்தி வச்சுட்டுப் போயிட்டான். திரும்பி எடுக்கிறப்ப எடுக்கட்டும். பசிக்குது."

அவள் வாயைத் திறந்தாள். சிப்ரியானோ அவள் விரல்களிலிருந்து கரண்டியை மெதுவாக வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, மீனில் முள் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஊட்டினான்.